குழாய்க்கு ஒரு பந்தல்

துரைசாணி போட்ட கூச்சல் ரப்பர் ஆலை வரைக்கும் கேட்டதாக அப்போது பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் சும்மா. பங்களா குன்றின் மேலே, ஆலை ஆற்றோரம். ஆனால் அவள் பயந்தது நிஜம். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயைப் புல்லில் சுருட்டிப் போட்டிருந்தார்கள். அதைத் தூக்கப் போனவள் கையில் குழாயோடு குழாயாக ஒரு பாம்பும் வந்துவிட்டது. அங்கே வேலையாக இருந்த மாயாண்டி மண்வெட்டியால் ஒரே போடு போட்டார். அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது. இனிமேல் குழாய் தரையில் கிடக்கக் கூடாது, அதை மாட்டி வைக்க வெளியே ஒரு தாங்கி செய்து நிறுத்து என்று.

மலாக்காவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கூலி வேலை எங்களுக்கு. ஐம்பத்திரண்டாம் வருசம், தை பிறக்கப் போகிற நேரம். காட்டிலே கம்யூனிஸ்ட்காரன், நாட்டிலே அவசரகாலச் சட்டம். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு எங்களை உள்ளே அடைத்திருந்தார்கள். கம்பிக்கு வெளியே ஒரு மணி அரிசி கொண்டுபோகக் கூடாது, காட்டுக்காரனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். கருக்கலில் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகிற சனம் வெறும் வயிற்றோடு போய், வெயில் ஏறத் திரும்பி வந்துதான் வாயில் சோறு வைக்கும். கேட்டில் ஆண்களைத் தடவிப் பார்க்க ஓர் ஆள், பெண்களைத் தடவ ஒருத்தி. மனுசர்கள் இப்படிக் கிடக்கையில் ரப்பர் குழாய்க்கு வீடு கட்டச் சொல்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மாயாண்டிக்கு வரவில்லை. அந்த மனுசனுக்கு எதிலுமே எரிச்சல் வராது. அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.

பங்களாத் தோட்டக்காரர் அவர். மலாய்க்காரர்கள் கூப்பிடுகிறபடி நாங்களும் கெபூன் மாயாண்டி என்போம். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர்கள் பேசுவது என் காதில் விழாமல் இருக்க வேண்டுமானால் நான் காதை அறுத்துப் போட வேண்டும். அவர் மனைவி இருசம்மாள் பால்மரம் வெட்டுகிறவள். இளைய மகள் பெரியநாயகிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்துப் பையன், தம்புசாமி. லாரியில் கிளீனராக ஓடிக்கொண்டிருந்தான். தை கடைசியில் முகூர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற ரங்கசாமி கிராணி வந்து வாசலில் நின்றுகொண்டு தொண்டையைக் கனைத்தார்.

“பந்தல் போடக் கூடாதாம் மாயாண்டி. காவல் கோபுரத்துலேர்ந்து பாத்தா லயம் பூராவும் தெரியணுமாம். மறைப்பு ஒண்ணும் கட்டக் கூடாதுன்னு போலீஸ் ஆபீசர் துரைகிட்ட சொல்லிட்டாரு.”

“கூரை வேணாங்கய்யா. ஒரே ஒரு கால் மட்டும் நட்டுக்கிறோம். சாஸ்திரத்துக்கு.”

“இன்னிக்கு ஒரு கால்ம்பீங்க, நாளைக்கு நாலு கால் நிக்கும். என் வேலைக்கு ஒல வச்சிடாதப்பா. கோயில்ல வச்சுத் தாலிய கட்டிக்கங்கலா. யாரு வேணாம்னா.”

கிராணி போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு மூட்டினார்கள். கருவாடு பொரிகிற வாசனை பலகை இடுக்கில் வந்தது. பிறகு இருசம்மாள் பேசினாள்.

“கால் நடாம கட்டினதுதான் மூத்தவளத் தின்னுச்சு.”

“சப்பான்காரன் தின்னான். கால் என்னா பண்ணும்?”

“ஆமா, எல்லாத்தையும் சப்பான்காரன் தலையில போடுங்க. கீழ் லயத்து மாரியம்மா மகளுக்குப் பந்தக்கால் நட்டுத்தானே கட்டுனாங்க. அவ புருசனும் சயாமுக்குத்தான் போனான். திரும்பி வரல?”

மூத்தவள் முத்தாயியை எனக்கு நன்றாகத் தெரியும். ஜப்பான் காலத்தில் வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, ஒரு ராத்திரியில் மஞ்சள் கயிற்றைக் கட்டி அனுப்பினார்கள். பந்தக்கால் இல்லை, மேளம் இல்லை, விளக்குக்கூட இல்லை. மறு மாதமே ஜப்பான்காரன் மாப்பிள்ளையைச் சயாமில் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தப் பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் மலேரியாவில் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து இருசம்மாளுக்கு இது ஒன்றுதான். இரண்டாவதுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது. வேறு சீர் செனத்தி எதுவும் அவள் கேட்கவில்லை, ஒரு கால் நட்டு முறையாகக் கட்டிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

“இவளையும் அப்படித் தள்ளி விடுறதுன்னா நான் வரல. நீங்களே கூட்டிட்டுப் போயி தள்ளிட்டு வாங்க,” என்றாள்.

மாயாண்டி மறுநாள் பங்களாவில் குழாய் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

வேலை என்று வந்துவிட்டால் அவர் சின்ன வேலை பெரிய வேலை என்று பார்ப்பதில்லை. ஆற்றுப் பாலத்தைப் பிரித்தபோது கழித்துப் போட்ட பழங்கட்டைகளில் கரையான் தொடாத இரண்டைத் தேர்ந்தெடுத்தார். அடிப்பாகத்தை நெருப்பில் வாட்டிக் கரியாக்கித் தார் பூசினார். இரண்டு கட்டையும் நெஞ்சுயரம் நிற்க வேண்டும், குறுக்கே ஒரு பலகை. ஆணியில் மாட்டினால் மடிகிற இடத்தில் குழாய் வெடித்துவிடும். அதற்காக ஓட்டை விழுந்த ரப்பர் பால் வாளிகள் இரண்டை ஸ்டோரில் கேட்டு வாங்கி, அடிப்பக்கம் பலகையில் படும்படி வைத்து ஆணி அடித்தார். வாளியின் வயிற்றைச் சுற்றிக் குழாயைச் சுருட்டினால் மடியாது, வாளிக்குள்ளே தண்ணீர் தெளிக்கிற பூவாளி மூக்கையும் போட்டு வைக்கலாம். துரைசாணி வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இன்னொன்று சொன்னாள். அதை அவர் வீட்டில் சொன்னபோதுதான் எல்லாமே மாறிப்போனது.

“வெயில் பட்டா குழாய் வெளுத்து வெடிச்சுப் போவுமாம். மேல சின்னதா அத்தாப்பு ஓலை வேஞ்சு குடுக்கணுமாம்.”

“எத்தனை கால்?” என்றாள் இருசம்மாள்.

“ரெண்டு.”

“மேல கூரை.”

“அதான் சொல்றேனே, அத்தாப்பு.”

அவள் அகப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“அப்ப அது பந்தல்தானே,” என்றாள்.

“உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? துரைசாணி ரோசாச் செடிக்குத் தண்ணி ஊத்துற குழாய் மாட்டுறதுக்கு.”

“மேல என்னாத்த வேணா மாட்டட்டும். நடுறது யாரு? பொண்ணுக்கு அப்பன். நாயகி பேரச் சொல்லி நட்டா அது அவ கால்தான். நம்ம வாசல்ல இருந்தா என்னா, குன்னு மேல இருந்தா என்னா?”

“குழியில தானியம் போடணும். கேட்டத் தாண்டி எப்படிப் போவும்?”

“அத நான் பாத்துக்கிறேன்.”

வேண்டாம் என்று அவர் இரண்டு மூன்று தடவை சொன்னார். பிறகு பெரியநாயகி நடுவில் புகுந்து, “எனக்கு ஒண்ணும் வேணாம்பா, அம்மா சொல்றாங்கன்னு செய்யாதீங்க,” என்றாள். அந்த வார்த்தைதான் அவரைச் சாய்த்தது என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று பெற்ற பெண்ணே சொன்னால் எந்த அப்பனுக்குத் தாங்கும்?

ஒன்பது தானியம் அந்தப் பங்கீட்டுக் காலத்தில் எங்கே கிடைக்கும்? கிடைத்தது கொஞ்சம்தான். பச்சைப்பயறு எங்கள் வீட்டிலிருந்து போனது. எள்ளும் உளுந்தும் வேறு வீட்டிலிருந்து வந்தன. பயறோடு விட்டுவிடலாம் என்று அவர் சொன்னதற்கு, அரிசி இல்லாமல் என்ன தானியம் என்று இருசம்மாள் ஒரு கைப்பிடி பச்சரிசியையும் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்தாள். முடிச்சைக் கொண்டைக்குள் வைத்து இறுக்கி முடிந்துகொண்டு, மேலே தலைத்துணியையும் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். அவள் பால் வெட்டுகிற காடு பங்களாக் குன்றின் அடியில்தான் இருந்தது. மாயாண்டி சருகு அள்ளுகிற சாக்கில் இறங்கி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

நல்ல நேரம் பார்த்துக் கிழக்குப் பக்கக் கட்டையை முதலில் நட்டார். குழியில் முடிச்சை வைத்தார், ஒரு மாவிலையை வைத்தார். பால் ஊற்ற வேண்டும், பாலுக்கு எங்கே போவது? கையிலிருந்த ரப்பர் குழாயைத் திருகிக் கொஞ்சம் தண்ணீர் விட்டார். பெரியநாயகி, தம்புசாமி என்று இரண்டு பேரையும் வாய்விட்டுச் சொன்னாராம். அன்று வீட்டுக்கு வந்தவர் முகத்தை நான் பார்த்தேன். குடித்தவர் மாதிரி சந்தோசமாக இருந்தார், ஆனால் அவர் குடிக்கிறவர் இல்லை.

அதற்கப்புறம் ஒருநாள் பருவம் தப்பி ஒரு மழை கொட்டியது. குன்றுச் சரிவில் மண் கரைந்து ஓடியது. பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்திருந்ததால் பங்களாவைச் சுற்றிச் சோதனை போட போலீஸ் ஆட்கள் வந்தார்கள். புது மண்ணில் மஞ்சள் துணியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. கட்டையைப் பிடுங்கினார்கள். முடிச்சைப் பிரித்தபோது பயறு முளை விட்டிருந்ததாம். அரிசி ஊறி வெள்ளையாகக் கிடந்ததாம்.

விசாரணையில் தமிழ்ப் பேச்சை இங்கிலீசில் மாற்றிச் சொல்ல ரங்கசாமி கிராணியைத்தான் கூப்பிட்டார்கள். அவர் பிறகு எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

குழாய் மாட்டுகிற கட்டைக்கு எதற்கு அரிசி என்று வெள்ளைக்கார ஆபீசர் கேட்டார். சாமிக்கு, கால் நட்டால் போடுவது வழக்கம் என்றார் மாயாண்டி. ஆபீசர் கெட்டவர் இல்லையாம், யோசித்தாராம். துணி காயப்போடுகிற கம்பங்கள் இருக்கின்றனவே, அதெல்லாம் யார் நட்டது என்று கேட்டார். நான்தான் என்றார் மாயாண்டி. கேட்டுக் கம்பம்? அதுவும் நான்தான். உடனே எல்லாவற்றையும் தோண்டச் சொன்னார். ஒன்றின் அடியிலும் ஒரு தானியம் இல்லை. காட்டைப் பார்த்து நிற்கிற இந்த ஒரு கட்டைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது வழக்கம் என்று கேட்டார்.

கிராணி காதோரமாகச் சொல்லியிருக்கிறார். “கல்யாணத்துக்குன்னு சொல்லித் தொலைய்யா.”

“சொன்னா பந்தலுக்கு யாரு கேட்டதும்பாங்க. வீட்டுப் பொம்பளைய கூப்பிடுவாங்க ஐயா. பேசாம இருங்க.”

அரிசி கேட்டை எப்படித் தாண்டியது என்ற கேள்விக்கு, ஆணி டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தேன் என்றார். கேட்டுக் காவலாளிக்குத் தன் வேலை பெரிது. தினமும் டப்பாவைக் கொட்டிப் பார்க்கிறேன், ஆணியைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை என்று சத்தியம் செய்தான். அப்படியானால் வேறு யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள், ஆளைக் காட்டிக் கொடுக்க மறுக்கிறான் என்று முடிவாகிவிட்டது. ஒரு கைப்பிடி அரிசிக்காக இல்லை, அந்த ஆளுக்காகத்தான் அவரை ஜாசின் போலீஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனார்கள்.

இருசம்மாள் அழவில்லை. மறுநாள் மரம் வெட்டப் போகாமல் கிராணி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் வேறு வழியில்லாமல் அவளை பஸ்ஸில் ஜாசினுக்குக் கூட்டிப்போனார். போலீஸ் ஸ்டேசனில் ஆபீசருக்கு முன்னால் நின்று அவள் கொண்டையை அவிழ்த்துக் காட்டினாளாம். பாதி நரைத்த முடி இடுப்பு வரைக்கும் விழுந்ததாம்.

“இதுக்குள்ளதான் வச்சுக் கொண்டாந்தேன். பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட. அவருக்கு இஷ்டமே இல்ல. நான்தான் நச்சரிச்சேன். என்னைய வச்சுக்கிட்டு அவர விட்டுருங்க.”

கிராணி அதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாராம். ஆபீசர் மாயாண்டியைக் கொண்டுவரச் சொன்னார். உன் மனைவி சொல்வது நிஜமா என்று கேட்டார். மாயாண்டி அவளைப் பார்க்கவே இல்லை.

“பொய் சொல்றாங்கய்யா. புருசன் மேல இருக்கிற ஆசையில வாய்க்கு வந்தத சொல்லுது. அதுக்கு ஒண்ணும் தெரியாது. பங்களாப் பக்கமே வந்ததில்ல.”

“என் தலை மேல அடிச்சுச் சொல்றேன்யா, நான்தான்.”

“பாருங்கய்யா, இப்படித்தான். பொய்ச் சத்தியம் பண்றதுக்கு அஞ்சவே அஞ்சாது.”

கூட வாழ்ந்த காலமெல்லாம் அவர் அவளை ஏய் என்றுகூட அதட்டியதில்லை. பத்துப் பேர் முன்னால் பொய்க்காரி என்றுவிட்டார். ஆபீசர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாராம். பஸ்ஸில் வரும்போது இருசம்மாள் தலையை முடியவே இல்லை. நியாலாஸ் தார்ச் சடக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, முடியை விரித்துப் போட்டுக்கொண்டே லயத்துக்குள் நடந்து வந்தாள். பார்த்த பெண்கள் எழவு விழுந்ததோ என்று வாயில் கை வைத்தார்கள்.

“நெசத்தச் சொன்னேன். என் நெசத்த எடுத்துத் தூரப் போட்டுட்டாரு,” என்றாள் என்னிடம். “எனக்கு அவரு மேல அவ்வளவு கோவம்.” சொல்லிவிட்டுத்தான் அழுதாள். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை.

தையும் போனது, மாசியும் போனது. மாயாண்டியை மலாக்கா பட்டணத்துக்கு வெளியே ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். பங்குனியில் உத்தரவு வந்தது. கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிடுவார்களாம். மடிப்பிள்ளையாக இந்த மண்ணுக்கு வந்த மனுசன். அங்கே யாரைத் தெரியும்? ஊர்ப் பேர் தெரியும், அதுகூட அவர் அப்பன் சொல்லிக் கேட்டது. மனைவி விரும்பினால் கூடவே போகலாம் என்று எழுதியிருப்பதாகக் கிராணி படித்துச் சொன்னார். அதை இருசம்மாள் முகாமில் போய்க் கேட்டதற்கு, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம்.

“நீயும் வந்துட்டா புள்ளைக்கு யாரு? அதுக்காகத்தானே அன்னிக்கு உன்னைய பொய்க்காரின்னேன். ஒரு ஆளாவது இருந்து அவள நல்லபடியா அனுப்பி வையி.”

அந்த வாரம் லூபோக் சீனாவிலிருந்து தம்புசாமியும் அவன் அம்மா அன்னம்மாவும் வந்தார்கள். சம்பந்தத்தை முறிக்கத்தான் வருகிறார்கள் என்று லயமே நினைத்தது, நானும் நினைத்தேன். எந்த வீட்டில்தான் கப்பலேற்றப் போகிறவன் பெண்ணை எடுப்பார்கள்? இருசம்மாள் தேத்தண்ணி கலந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். தம்புசாமி குவளையைத் தொடாமல் பேசினான்.

“மாமாவ எப்ப ஏத்துறாங்க?”

“அடுத்த வாரங்கிறாங்க.”

“அதுக்குள்ள முகாமுக்குப் போயிடலாம் அத்தை. பாக்க விடுற நேரத்துல, அவரு கண்ணு முன்னால கட்டுறேன்.”

இருசம்மாள் சுவரை விட்டு முன்னால் வந்தாள். “அங்க பந்தல் ஏது, தம்பி?” என்றாள்.

“பந்தலுக்கு ஆசப்பட்டுத்தான் இந்தக் கதி ஆயிடுச்சு சம்பந்தி,” என்றாள் அன்னம்மா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. “விட்டுருலா.”

“விட்டுட்டேன்,” என்றாள் இருசம்மாள்.

ஐந்து பேர் போனோம். பெண்ணும் பையனும், இரண்டு அம்மாமார்கள், பக்கத்து வீடு என்ற முறையில் நான். தோட்டத்துக் கேட்டில் வழக்கம்போலச் சோதனை. இருசம்மாள் ஒரு சின்னக் கிண்ணத்தில் மஞ்சள் கலந்த அட்சதை வைத்திருந்தாள். இந்தத் தடவை ஒளித்துக் கொண்டுபோகவில்லை, எல்லோரும் பார்க்கக் கையிலேயே வைத்திருந்தாள். காவலாளி கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். பெண்ணைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான். அவனுக்கும் வருத்தம்தான், ஆனால் அரிசி அரிசிதான் என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டான். இருசம்மாள் வெறுங்கையோடு கேட்டைத் தாண்டினாள்.

முகாமில் பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு வெட்டவெளி. நடுவில் இரண்டு கம்பி வலை, ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் ஒரு கை எட்டாத இடைவெளி. அந்தப் பக்கம் மாயாண்டி வந்து நின்றார். இளைத்துப் போயிருந்தார், தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. விசயத்தைச் சொன்னதும் அவருக்கு முதலில் புரியவில்லை. மாலையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. துண்டு இல்லை, அதனால் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெயில் நேராகத் தலையில் இறங்கியது. பெரியநாயகி அப்பாவைப் பார்த்தபடி நின்றாள். அன்னம்மா தாலியை எடுத்துக் கொடுத்தாள். மேளம் இல்லை, எங்கள் வாயால்தான் குலவை போட்டோம், அதுவும் பாதியில் அழுகையாகப் போனது. தம்புசாமிக்கு முடிச்சுப் போடக் கை வரவில்லை, அவன் அம்மா பின்னாலிருந்து உதவினாள்.

அட்சதை இல்லையே என்று நான் முழித்தபோது அன்னம்மா மாலையிலிருந்து இதழ்களைப் பிய்த்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாள். தூவினோம். மாயாண்டி பக்கம் காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பையன் தடுக்கவில்லை. பிறகுதான் இருசம்மாள் கம்பியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு எப்படிக் கொடுப்பது? இரண்டு வலைக்கும் நடுவே எதையும் நீட்ட முடியாது. கையில் இதழோடு அவள் அப்படியே நின்றாள்.

மாயாண்டி அதைப் பார்த்தார். பிறகு வலது கையைக் குவித்துத் தூக்கி, அட்சதை இருக்கிறது போலவே விரலைப் பிரித்து, மகள் தலையைப் பார்த்துத் தூவினார். பெரியநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மறுபடியும் கையைக் குவித்தார், மறுபடியும் தூவினார். அவருக்கு நிறுத்த மனம் வரவில்லை. காவல்காரப் பையன் மெதுவாக வந்து அவர் தோளைத் தொட்டு, “சுக்குப்லா, பக்சிக்,” என்றான், போதும் பெரியவரே என்று.

அவர் கையை இறக்கினார். வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு கேட்டார்.

“தலையில விழுந்துச்சாம்மா?”

பெரியநாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

“விழுந்துச்சுப்பா,” என்றாள். “நெறைய விழுந்துச்சு.”